எஸ்லோன் பைப்பில் ஒரு மழைமானி: திருகோணமலைப் பாடசாலையில் செய்து பார்த்தது

காலநிலை மாற்றம் பற்றிப் பாடசாலைகளில் செய்கிற வேலை பெரும்பாலும் ஒரு பிரிஸ்டல் போர்ட்டோடு முடிந்துவிடும். உருகுகிற பனிப்பாறை, அதன்மேல் ஒரு வெள்ளைக் கரடி, கீழே கொட்டை எழுத்தில் 'பூமியைக் காப்போம்'. திருகோணமலைப் பிள்ளை பனிக்கரடியைக் காணப்போவதில்லை. ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் என்கிற காய்ந்த சூட்டுக்காற்று அடிக்கும்போது தகரக் கூரைக்குக் கீழே ஆறாம் பாடவேளையில் அவிந்துகொண்டிருப்பது எப்படியென்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அதனால் சுற்றாடல் கழகத்தில் இருக்கும் தரம் 8, 9 பிள்ளைகளோடு சேர்ந்து போஸ்டரை விட்டுவிட்டு அளக்கத் தொடங்கினோம். மழையும் வெப்பமும், இரண்டு மட்டும்தான். காற்றுத்திசைகாட்டி ஒன்றும் செய்தோம், அழகாகவும் இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

முதலில் மழைமானி. சோடாப் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்து வைக்கிற முறை எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் வகுப்புக்கு அது போதும், ஒரு வருடம் அளக்கப் போதாது. வெயிலில் பிளாஸ்டிக் நெளிந்துவிடும், காற்றுக்குச் சாயும், அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அடிமட்டம் வைத்து வாசிப்பதும் சரிவராது. நாங்கள் எடுத்தது கழிவுநீருக்குப் போடுகிற 110 மில்லிமீற்றர் எஸ்லோன் பைப், அதாவது பி.வி.சி. பைப். ஹாட்வெயார் கடையில் நீளப் பைப் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடக்கும், கேட்டால் தருவார்கள். ஐம்பது சென்ரிமீற்றர் நீளமுள்ள துண்டு ஒன்று, அதற்கு ஒரு அடிமூடி, கம், சமையலறைப் புனல் ஒன்று, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று. சாமான் அவ்வளவுதான்.

அடிமூடியைக் கம் பூசி ஒட்டி, ஒரு இரவு விட்டு, தண்ணீர் நிரப்பி ஒழுக்குப் பார்க்க வேண்டும். பைப்புக்குள் போத்தலை நிறுத்தி, போத்தல் வாய்க்குள் புனலின் காம்பு இறங்கும்படி வைத்தால், புனலின் விளிம்பு பைப் வாயிலிருந்து ஆறேழு சென்ரிமீற்றர் கீழே இருக்கும். அந்த ஆழம் வேண்டும். இல்லாவிட்டால் பெரிய மழைத்துளிகள் புனலில் மோதி வெளியே தெறிக்கும். புனலை ஒட்டவில்லை. பைப் சுவரில் மூன்று சிறிய ஸ்குரூ பூட்டி, அவற்றின் முனைகளில் அது உட்காரும்படி விட்டோம். கையால் தூக்கலாம், போத்தலை வெளியே எடுக்கலாம். புனலுக்கும் சுவருக்கும் இடையால் ஒழுகுகிற தண்ணீர் வீணாவதில்லை, பைப்பின் அடியில் சேரும், அதையும் அளந்து கூட்டிக்கொள்ளலாம். போத்தல் நிரம்பி வழிந்தாலும் அதே கதைதான்.

நேரம் எடுத்த வேலை பைப்பின் வாய். அறுத்த விளிம்பு மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. அதன் தட்டையான மேற்பரப்பில் விழுகிற துளி பாதி உள்ளே போகும், பாதி வெளியே போகும், எது எவ்வளவென்று யாருக்கும் தெரியாது. அதனால் வெளிப்பக்கத்தை மட்டும் அரத்தால் சாய்வாக ராவி, உள்விளிம்பைக் கத்தி வாய் போல் கூராக்கினோம். துளி விழுந்தால் ஒன்றில் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. ராவுகிற தூள் பறக்கும். மூக்கை மூடிக்கொண்டு, தூளை ஒரு பத்திரிகைத் தாளில் சேர்த்துக் குப்பையில் போட வேண்டும். இந்த வேலையைப் பிள்ளைகள் முறை வைத்துச் செய்தார்கள். ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விரலால் விளிம்பைச் சுற்றித் தடவி, "சேர், இந்த இடத்தில இன்னும் தட்டையா இருக்கு" என்று சொல்லிச் சொல்லி ராவினாள். வழக்கமாகச் சோதனைப் பேப்பரில் பெயரைத் தவிர அதிகம் எழுதாத பிள்ளை.

பிறகு கணக்கு. பைப்பின் உள்விட்டம் 104 மில்லிமீற்றர். வாயின் பரப்பு ஏறத்தாழ 85 சதுர சென்ரிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் இந்த வாயால் எட்டரை மில்லிலீற்றர் தண்ணீர் உள்ளே வரும். ஆய்வுகூடத்து அளவுச்சாடியில் தண்ணீரை ஊற்றி, வரும் மில்லிலீற்றரை 8.5 ஆல் பிரித்தால் மழை கிடைக்கும். தூறலுக்கு மருந்துக்கடையில் வாங்கிய 10 மில்லிலீற்றர் சிரிஞ்சு, ஊசி இல்லாமல். ஒன்றரை லீற்றர் போத்தல் நிரம்ப 176 மில்லிமீற்றர் மழை பெய்ய வேண்டும். கார்த்திகை, மார்கழியில் இங்கே அப்படியும் ஒரு நாள் வரும், அதற்காகத்தான் அடிமூடியை ஒழுகாமல் ஒட்டச் சொன்னது. வேறு அளவுப் பைப் கிடைத்தாலும் குறையில்லை, உள்விட்டத்தை நாலு பக்கமாக அளந்து சராசரி எடுத்து, பரப்பைச் சதுர சென்ரிமீற்றரில் கண்டு, பத்தால் பிரித்தால் உங்கள் மழைமானியின் எண் வந்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதில் இழுபறி. பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று வாசலருகே வைக்கச் சொன்னார்கள். வாசலுக்குப் பக்கத்தில் மண்டபமும் ஒரு தென்னையும் நிற்கின்றன. பக்கத்தில் நிற்பது எவ்வளவு உயரமோ அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சரி என்று மைதானத்து மூலைக்குப் போனோம். அங்கே வேறு பிரச்சினை. திருகோணமலை நகரத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கோட்டைப் பக்கத்து மான்கள் தெருவெல்லாம் திரியும், மாடும் ஆடும் கூடவே. ஒரு தடி நட்டால் அதில் உடம்பு உரசாமல் எதுவும் போகாது. நாலு கட்டை நட்டு மீன்வலை சுற்றினோம். பழைய வலை கொண்டு வந்தது ஒரு பிள்ளையின் மாமா.

வாசிக்கிற நேரம் காலை 8.30. வளிமண்டலவியல் திணைக்களம் மழைநாளைக் கணக்கெடுப்பது 8.30 முதல் மறுநாள் 8.30 வரை, அவர்களுடைய திருகோணமலை அளவோடு ஒப்பிட வேண்டுமென்றால் நாமும் அதே நேரத்தில்தான் வாசிக்க வேண்டும். ஆனால் 8.30 பாடவேளைக்கு நடுவில் வருகிறது. இரண்டு பிள்ளைகள் எழுந்து போய் வருவதைப் பாட ஆசிரியர்கள் சிலர் விரும்பவில்லை, அவர்களிலும் குறை சொல்ல முடியாது. கணித ஆசிரியர் மட்டும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: திரும்பி வந்ததும் 8.5 ஆல் பிரிக்கிற கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்ட வேண்டும். அவருக்குத் தசமப் பிரித்தலுக்குத் தினமும் ஒரு உண்மையான கணக்கு கிடைத்தது.

மழைமானி செய்கிற யாரும் டெங்கை மறக்கக் கூடாது. நிழலான, மூடிய, சுத்தமான தண்ணீர் உள்ள பாத்திரம். நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ., வந்து பார்த்தார். "சேர், நீங்களே இப்படி வளர்க்கிறீங்களே" என்றார், பாதி பகிடி, பாதி உண்மை. புனலின் வாயில் நுளம்பு வலைத்துண்டைக் கவிழ்த்து ரப்பர் பட்டி போட்டிருப்பதையும், தினமும் வெறுமையாக்குவதையும் பிள்ளைகள் காட்டினார்கள். அவர் ஒரு விஷயம் சொன்னார்: தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. ஈடிஸ் நுளம்பின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரிக்கும். வெள்ளிக்கிழமைகளில் போத்தலையும் பைப்பையும் தேய்த்துக் கழுவுவது அன்று தொடங்கிய வழக்கம்.

இனி வெப்பமானி. மீன்தொட்டிக்கு வைக்கிற, வயரும் முனையும் உள்ள மலிவான டிஜிட்டல் வெப்பமானிகள் வாங்கினோம். ஒரே மேசையில் வைத்தாலும் ஆளுக்கொரு எண் காட்டும். எது சரி? அதற்கு ஐஸ் இருக்கிறது. நொறுக்கிய ஐஸும் கொஞ்சத் தண்ணீரும் கலந்து கலக்கினால் அந்தக் கலவை 0 பாகையில் நிற்கும். மீன் சந்தை உள்ள ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீன்பெட்டியில் கிடந்த ஐஸ் உதவாது, அதில் உப்பு கலந்திருக்கும், உப்பு சேர்ந்தால் கலவை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். ஐஸ் கம்பனியிலிருந்து வந்த புதுக்கட்டியில் உடைத்து எடுக்க வேண்டும். முனைகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி ஐஸுக்குள் விட்டோம். ஒன்று 0.9 காட்டியது, இன்னொன்று −0.4. ஒவ்வொன்றின் முதுகிலும் எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டிவிட்டோம். கருவி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதைக் காட்ட இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியாது.

வெயில் நேரே பட்டால் வெப்பமானி காட்டுவது காற்றின் வெப்பநிலை அல்ல, தன் சொந்தச் சூடு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தில் வெளிச்சவீடுகள் கட்டிய பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன் இதற்காகத்தான் வெள்ளைப் பலகைச் சட்டங்கள் கொண்ட பெட்டியை வடிவமைத்தார். நாங்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை எடுத்து, மேல்தட்டைத் தவிர மற்றவற்றின் நடுவை வட்டமாக வெட்டி, கவிழ்த்து அடுக்கி, தட்டுக்குத் தட்டு இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளிக்குப் பைப் துண்டுகளைச் செருகி, மூன்று நீள ஆணிக்கம்பிகளால் இறுக்கினோம். முனை நடுவில் தொங்கும். காற்று போகும், வெயில் போகாது. ஒன்று வெளியில், ஆளுயரத்தில். மற்றவை தகரக் கூரை வகுப்பில், ஓட்டுக் கூரை வகுப்பில், வேப்பமரத்தின் கீழ்.

மத்தியான எண்கள் எதிர்பார்த்தபடியே வந்தன: தகர வகுப்பு முதலிடம், வேம்பின் கீழ் இருந்ததைவிட நாலைந்து பாகை கூட. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியம் காலையில்தான். ஒரு பையன் நேரத்தோடு வந்து வாசித்துவிட்டு, "சேர், தகரம் பழுது போல, அதுதான் குளிரா இருக்கு" என்றான். வெப்பமானியை மாற்றிப் போட்டுப் பார்த்தான், அப்போதும் அப்படியே. மெல்லிய தகரம் பகலில் எவ்வளவு விரைவாகச் சூடேறுகிறதோ, மேகமில்லாத இரவில் அவ்வளவு விரைவாக வானத்துக்குச் சூட்டை விட்டுவிடும். ஓடும் கல்லுச்சுவரும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகளை வாட்டுவது பத்து மணிக்குப் பிறகு வரும் வெயில். வெப்ப நாட்களில் பாடசாலையை நேரத்தோடு தொடங்கி நேரத்தோடு விடலாமா என்ற பேச்சு வரும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இவை.

கச்சான் காலத்துக்கு இன்னொரு கருவி சேர்த்தோம், ஈரக்குமிழ். ஒரு வெப்பமானி முனைக்கு வெள்ளைச் சப்பாத்து லேஸை உறைபோல் மாட்டி, மறுமுனையைத் தண்ணீர்க் குப்பிக்குள் விட்டால் போதும். லேஸின் ஈரம் காயும்போது முனை குளிரும், காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு கூடக் குளிரும். புது லேஸ் தண்ணீரை உறிஞ்சாது, சவர்க்காரம் போட்டுக் கொதிக்க வைத்துக் கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீரும் சரிவராது, கடலோரக் கிணறுகளின் உப்பு நாலு நாளில் லேஸில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மாரியில் சேர்த்து வைத்த மழைத்தண்ணீரை விட்டோம். முடிந்தால் பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீர்.

தென்மேல் பருவக்காற்று வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கி வருகிறது. காய்ந்த காற்று 100 மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு பாகை சூடேறும். ஈரத்தைப் பறிகொடுத்து, சூட்டை ஏற்றிக்கொண்டு வருகிற அந்தக் காற்றுத்தான் நமது கச்சான். அது அடிக்கிற நாளில் சாதாரண வெப்பமானி 35 காட்டும்போது ஈரக்குமிழ் 25 பக்கம் நிற்கும், பத்துப் பாகை வித்தியாசம். பின்னேரம் காற்று திரும்பிக் கடலிலிருந்து வரத் தொடங்கும். அரைமணிக்குள் ஒன்று இறங்கும், மற்றது ஏறும்: 32, 27. பிள்ளைகள் இரண்டு வெப்பமானிகளுக்கும் முன்னால் நின்று, கடற்காற்று வருகிற நேரத்தைச் சரியாகப் பிடித்தார்கள். அதில் ஒரு கேள்வி எழுந்தது: சூடு குறைந்துவிட்டது, பிறகு ஏன் உடம்பு கசகசவென்று இருக்கிறது? வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், ஈரக்குமிழ் ஏற ஏற வியர்வை காயாது. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையை எட்டினால் நல்ல சுகதேகியாலும் வியர்த்துத் தன்னைக் குளிர்த்திக்கொள்ள முடியாது என்பதுதான் உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் இன்று கவலையோடு பேசுகிற எல்லை. உலகம் சூடாகிறது என்றால் வெப்பமானி ஏறுவது மட்டுமல்ல, சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும், 1 பாகைக்கு ஏறத்தாழ 7 வீதம் கூட. சப்பாத்து லேஸை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வர முடிந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

இந்த இடத்தில் மரநடுகையைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுற்றாடல் தினம் ஜூன் 5. 1973 முதல் கொண்டாடப்படுகிறது. கொழும்புப் பக்கம் அது மழைக்காலம், கன்று நட உகந்த நாள். இங்கே அது கச்சான் காலம். ஆனாலும் கிழக்கிலும் அதே நாளில்தான் கன்று நடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஆவணிக்குள் அந்தக் கன்று சருகாகிவிடும். மிஞ்சினால் மான் இருக்கிறது. எங்கள் மழைக்கொப்பியில் ஆனி, ஆடிப் பக்கங்கள் பூச்சியத்தால் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நடுவதைப் பிள்ளைகளே தள்ளிப் போட்டார்கள். ஜூன் 5 அன்று குழி மட்டும் வெட்டி, சருகும் சாணமும் போட்டு மூடினோம். ஐப்பசியில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அலவாங்கால் குத்தி, ஈரம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறதென்று பார்த்தார்கள். மேலே நனைந்த மணல் இரண்டு விரல் கீழே தூளாக இருக்கும், முதல் மழைகளை நம்பி நடக் கூடாது. ஈரம் ஒரு முழம் இறங்கிய பிறகுதான் வேம்பும் புங்கையும் பூவரசும் நட்டது. சுற்றிக் காவல் கூடு அடிக்காமல் எதையும் நடவில்லை.

மழை எண்கள் கையில் இருந்ததால் கூரையையும் அளந்தோம். ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். கூரையின் சாய்வை அளப்பதா, அது மூடுகிற நிலத்தை அளப்பதா என்று பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. ஒரு கொப்பியைச் சாய்த்தும் படுக்க வைத்தும் அதன் நிழலைப் பார்த்துவிட்டு நிலம்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். ஒரு கட்டடம் 24 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம்: 168 சதுர மீற்றர். ஒரு பின்னேரம் 32 மில்லிமீற்றர் பெய்தது. 5,376 லீற்றர். தெறிப்பது, பீலியால் வழிவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி நாலு நிரம்பியிருக்கும். அந்த வாரம் பாடசாலைக் குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் பெய்கிறது, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஐப்பசி முதல் தை வரையான நாலு மாதத்தில். ஆக, தண்ணீர் இல்லாமல் இல்லை, பிடித்து வைக்க இடமில்லை என்பது பிள்ளைகளின் தீர்ப்பு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தரம் 9 பிள்ளை இந்தக் கணக்கை வாசித்தாள். ஒரு தாங்கியும் பீலியும் வந்திருக்கின்றன. கூரையின் முதல் தண்ணீரில் தூசியும் காக்கை எச்சமும் இருக்கும், அதை விலக்கிவிட ஒரு நிலைக்குத்துப் பைப்பும் அடியில் திறக்கிற மூடியும் வைத்தோம். அந்தத் தண்ணீர் கன்றுகளுக்கும் மலசலகூடத்துக்கும் மட்டும், குடிக்க அல்ல.

சில பிள்ளைகளின் வீட்டிலும் அதே பைப் மழைமானி நிற்கிறது: உப்புவெளி, பாலையூற்று, கன்னியா, கிண்ணியா. ஐப்பசியில் இடி மின்னலோடு பெய்கிற பின்னேர மழைக்குக் கன்னியாவில் போத்தல் பாதி, உப்புவெளியில் சிரிஞ்சுக்குக் கூடப் போதாது. மார்கழி மழை அப்படியல்ல, எல்லா இடத்திலும் எண்கள் கிட்டக்கிட்ட வரும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் நகரத்துக்கு வடக்கே கரை கடந்ததைப் பிள்ளைகள் நினைவு வைத்திருக்கிறார்கள். அன்று எவ்வளவு பெய்தது என்று இப்போது கேட்கிறார்கள். அதற்குத் திணைக்களத்தின் பதிவைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வருட எண்ணை வைத்துக் காலநிலை மாறிவிட்டதென்று சொல்ல முடியாது, அதற்கு 30 வருடச் சராசரி வேண்டும் என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். எழுதியவர்கள் தரம் 8. அந்த முப்பதாவது வருடத்தில் தங்களுக்கு எத்தனை வயது என்று கணக்குப் போட்டுச் சிரித்தார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. கூடுதலாக மழை பெய்கிற மார்கழியில்தான் பாடசாலை விடுமுறை. இரவுக் காவலாளி அண்ணர் உதவ முன்வந்தார், ஆனால் அளவுச்சாடி, தசமம் எல்லாம் தனக்கு வேண்டாம் என்றார். நல்லது, அளக்கவே வேண்டாம். ஒரு பெட்டி நிறைய மூடியுள்ள வெறும் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் திகதி எழுதிய ஒட்டுத்துண்டு. காலை 8.30க்கு மழைமானியில் உள்ளதை அன்றைய போத்தலில் ஊற்றி மூடி இறுக்கி, களஞ்சிய அறையின் இருட்டில் அடுக்குவார். ஒரு போத்தலில் அடங்காவிட்டால் அதே திகதியில் இரண்டாவது. மூடி இறுக்கமாக இருப்பதால் ஆவியாகாது, நுளம்பும் போகாது, பீ.எச்.ஐ.யும் ஒத்துக்கொண்டார். தவணை தொடங்குகிற முதல் நாள் பிள்ளைகள் அளவுச்சாடியோடு அந்த அறைக்குப் போய், திகதி வரிசையில் ஒவ்வொன்றாகத் திறந்து அளந்து எழுதுவார்கள்.